பசை போடாத எல்போ

“உங்க மூக்கு உங்க வீட்டுக்குள்ளயே இருந்தா எங்க தூசி எப்படிம்மா அதுல ஏறும்?” என்று பக்கத்து வீட்டு நாற்காலிக்காரர் கத்தினார்.

“கொடியில காயற துணிக்கு ஏது சார் மூக்கு? வந்து பாருங்க, மாவுல புரட்டின மாதிரி இருக்கு” என்று நானும் கத்தினேன்.

தெரு அவருடைய பேச்சுக்குத்தான் சிரித்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் மேஜை ரம்பம் போட்டு நாற்காலி செய்து விற்பவர் அவர். பலகை அறுக்கும்போது தூள் மேலே பறக்கும். அவர் மனைவிக்கோ மூச்சிரைப்பு. “ரம்பம் வேணுமா, சம்சாரம் வேணுமான்னு முடிவு பண்ணுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளே என்னிடம் சொன்னாள். என்னிடம் எல்லோரும் சொல்வார்கள்.

வேறு ஆளாக இருந்தால் ரம்பத்தை விற்றிருப்பான். இவருக்கு இரண்டும் வேண்டுமாம். மூன்று வாரம் உட்கார்ந்து தூசி உறிஞ்சும் கை ஒன்று செய்தார். விட்டத்திலிருந்து தொங்கும் பிவிசி குழாய், ரம்பப் பல்லுக்கு மேல் கவிழ்ந்த பிளாஸ்டிக் மூடி, மறுமுனையில் பழைய வாக்குவம் கிளீனரின் மோட்டார். பெருந்தூள் வாளியில் விழும். நைசான தூள் சுவரைத் தாண்டி, எல்போ என்கிற வளைந்த குழாய்மூட்டு வழியாகப் பின்பக்கச் சந்தில் கொட்டும். சளி பிடித்த யானை மூக்குச் சிந்துவது போல ஒரு சத்தம். இதைப் பார்க்கத் தெருவே திரண்டது.

வேலை செய்தது. என் கொடியும் சுத்தமானது. அதுதான் எனக்கு ஆகவில்லை. என்னைக் கேட்காமலே என் புகாரைத் தீர்த்துவிட்டார்.

“எல்லா மூட்டுக்கும் பசை போட்டாச்சும்மா. கடைசி எல்போவுக்கு மட்டும் போடல. சனிக்கிழமைதோறும் கழட்டித் தட்டணும்ல” என்று அந்த அதிமேதாவி என்னிடமே விளக்கினார். மனைவி பக்கம் திரும்பி, “இனிமே ஜன்னலத் திறந்தே வை” என்றார்.

மறுநாள் ரம்பம் ஓடத் தொடங்கியதும் துவைக்கும் கல்லில் ஏறி, மதிலுக்கு மேல் கையை நீட்டி, எல்போவைப் பாதிச் சுற்று திருப்பினேன். இப்போது அது அவள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தது. மாலையில் அவர் மோட்டாரை நிறுத்துவதற்குள் பழையபடி சந்துப் பக்கம் திருப்பிவிட்டேன். எந்த வேலையும் ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு.

பத்து நாளில் அவளுக்கு இழுப்பு அதிகமானது. “அந்தத் தூசிக் கை வந்தப்புறம்தான்க்கா ரொம்ப முடியல” என்றாள். தலையணையை உயர்த்தி வைத்து, வெந்நீர் கொடுத்து, “ஜன்னல மட்டும் சாத்திடாத, உனக்குக் காத்து வேணும்” என்று நான்தான் சொன்னேன்.

அவர் மூடியை அரை அங்குலம் இறக்கினார். வாளிக்கு இரட்டைத் துணி கட்டினார். மூட்டு மூட்டாக ஊதுவத்தியைக் காட்டிப் புகை எங்கே இழுக்கிறது என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது. சனிக்கிழமை கழற்றும்போதெல்லாம் எல்போ சந்தைத்தானே பார்க்கிறது. ரம்பத்தை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. அப்படிப் பார்த்தால் குற்றத்தில் பாதி அவருடையது.

அறுபத்திரண்டு நாள் திருப்பினேன். அறுபத்து மூன்றாம் நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அவள் அங்கேயே போய்விட்டாள். அவளிடம் எனக்கு ஒரு பகையும் இல்லை. நல்லவள். அந்த ஜன்னல் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

காரியங்கள் முடிந்ததும் ரம்பத்தைக் கழித்துக் கட்டினார். அடுத்த வருடம் அவர்கள் மகள் ஒரு கண் டாக்டரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். அப்பாவையும் கூடவே அழைத்துக்கொண்டாள். வண்டி ஏறுமுன் அவர் என் வாசலுக்கு வந்தார்.

“கடைசி வரைக்கும் நீங்கதாம்மா அவ பக்கத்துல இருந்தீங்க. நான் செஞ்ச கைதான் அவளக் கொன்னுடுச்சு” என்று அழுதார்.

நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை.