தாம்பாளத்தோடு ஒரு மன்னிப்பு

"ஹலோ... ஆ, கலாவதிதான். சொல்லுங்க தலைவரே... ஆமா... ஆமா, கேக்குது, கத்தாதீங்க."

ஜெராம் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கோயில் தலைவர் சுகுமாறன் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுகிறவர்கள் உண்டு. கலாவதி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"என்னது, வெளயாட்டா?... எம்மக அன்பரசி லீவு நாள்ல எங்கூட செம்பனைப் பழம் பொறுக்க வந்தா. மூட்டையும் வேர்வையுமா நின்ன புள்ளய ஒங்க மகன் போட்டோ புடிச்சு, ஸ்டிக்கராக்கி கிளாஸ் குரூப்புல வுட்டான். குட்மார்னிங்குக்கும் அந்த மூஞ்சி, குட்நைட்டுக்கும் அந்த மூஞ்சி. இது வெளயாட்டு!... ம்... ம்... மன்னிப்பு கேட்டான், ஆமா ஆமா, கேட்டான். எப்படிக் கேக்க வச்சீங்க? கோயில்ல, தாம்பாளத்துல தேங்கா, பழம், பூ, வெத்தல பாக்கு வச்சு, அவன் கையால எம்மக கையில குடுக்க வச்சீங்க. நீங்களே நின்னு போட்டோ புடிச்சீங்க...

"இருங்க, நான் பேசுறேன்லா! அதத் தூக்கித் தோட்டத்து குரூப்புல போட்டீங்களே, புள்ள பேரு, ஸ்கூல் பேரு, எந்தப் படிவத்துல படிக்கிறாங்கிறது எல்லாம் எழுதி. கீழ 'சுமுகத் தீர்வு'ன்னு வேற!... என்ன ஆச்சா? பாக்குறவனுக்குப் பரிசம் போட்ட மாரி இருக்கு, தலைவரே. இப்ப அதுதான் புது ஸ்டிக்கரு. சபாக்லேர்ந்து எங்கக்கா போன் பண்ணி, எங்கிட்ட சொல்லாமயே மாப்ள பாத்துட்டியாடின்னு கேக்குறா."

அன்பரசி அன்றோடு பள்ளிக்கூடப் பையைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

"அடடா... தோட்டத்து மானமா? எம்மக மானம் எந்தக் கணக்குல வருது?... ம்... போன மாசம் மேடையில 'பகடிவதையை ஒழிப்போம்'னு மைக்கப் புடிச்சிக்கிட்டு வுடாம பேசுனது நீங்கதானே?... பேசுனீங்க, பேசுனீங்க. பொன்னாடைகூட போட்டாங்க.

"என்ன, இப்பவே அழிச்சிடுறீங்களா? தாராளமா. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு... எங்கயா? கோலசிலாங்கூர் போலிஸ் ஸ்டேசன்ல... இல்ல, இனிமேதான்னு இல்ல, புகாரு எழுதிக் குடுத்தாச்சு.

"ஒங்க மகன் பேரா? இருக்கே. ரெண்டாவதா இருக்கு... மொதல்ல யாரா? எம்மகதான் சொல்லிச் சொல்லி எழுத வச்சா. 'அந்தப் பையன் கிளாசுக்குள்ள போட்டான், தலைவருதான் ஊருக்கே போட்டாரு'ன்னு... ஆமா. மொதப் பேரு ஒங்களோடது... ஹலோ?... தலைவரே?..."