வேர் பிடிக்கும்வரை

விசிறிப்பனைக்கு அதிகம் தண்ணீர் வேண்டாம், ஐயா. ஊற்றி ஊற்றித்தான் அதை அழுக வைக்கிறார்கள். யுத்தம் முடிந்து கல்குடாக் கரையில் ஹோட்டல்கள் எழும்பியபோது, நெடிதாக வளர்ந்த விசிறிப்பனைகளை லொறியில் கொண்டுவந்து நட்டவன் நான். நட்டதும் ஓலைகளை ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டுவேன். வேர் பிடிக்கும்வரை காற்று குருத்தை உலுப்பக் கூடாது. நான் கட்டிய கட்டு ஒருபோதும் நெகிழ்ந்ததில்லை.

என் மனைவி சுகந்தினி சுனாமியில் போனாள். இருவரும் ஒரே தென்னையைத்தான் பிடித்திருந்தோம். கைக்குழந்தை தனுஷா என் தோளில். அலை சுகந்தினியைப் பறிக்கவில்லை. கை சோர்ந்து அவளே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குக் கைகளில் நம்பிக்கை இல்லை.

2012 ஏப்ரலில் பொலிஸ் ஜீப் ஒலிபெருக்கியில் சுனாமி எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போனது. என்னோடு ஹோட்டல் தோட்டத்தில் வேலை செய்த யோகராசா லொறியை நிறுத்தினான்.

"ஏறுங்க அண்ணன், கடல விட்டு உள்ளுக்கு, சித்தாண்டிப் பக்கம் போவம். புள்ளைக்கு முன்னுக்கு இடமிருக்கு."

"ரோட்டுல வச்சுத் தண்ணி புடிச்சிரும். எங்களுக்குப் பனை இருக்கு."

"அதுல நொங்கும் இல்ல. பகிடி விடாம ஏறுங்க."

நான் ஏறவில்லை. ஓலை கழிக்கும் ஏணியைச் சாத்தி, தனுஷாவை உச்சிக்குக் கொண்டுபோனேன். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டையில் நிற்கவைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் கயிறு சுற்றினேன். எட்டு வயதுப் பிள்ளையின் கை எவ்வளவு நேரம் தாங்கும்?

"அப்பா, மூச்சு முட்டுது. கொஞ்சம் தளத்துங்க."

"தளத்தினா விழுந்திருவாய், மகள்."

மறுபடியும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கட்டுக்குப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். ஏணியில் நின்றபடி நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அதே ஒலிபெருக்கியில் ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். சுகந்தினி போன அன்று, அலை வரும் என்று எவரும் சொல்லவில்லை. இப்போது வராது என்பதை எப்படி நம்புவது? இன்னொரு சுற்று இறுக்கினேன். திரும்பி வந்த யோகராசா கயிற்றை அறுக்க ஏணியில் கால் வைத்தான். ஓலை வெட்டும் கத்தியைக் காட்டி அவனை இறக்கினேன். பொலிஸோடு நீங்கள் வந்து என்னைப் பிடிக்கும்வரை யாரையும் ஏறவிடவில்லை.

கட்டியவன் நான். அவிழ்க்க விடாதவனும் நான். கயிறு நெஞ்சை நெரித்துத்தான் இறந்தாள் என்று டாக்டர் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் அவளை இறக்கியபோது நீங்களும் நின்றீர்கள், ஐயா. சட்டையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.