ஒரு பெட்டி தூக்குற அளவுக்கு

— திரும்பவும் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. ஆலோசகர் வேலையே குடைஞ்சு குடைஞ்சு கேக்குறதுதான். உங்க கல்லீரல்ல பாதிக்கு மேல வெட்டியெடுத்து உங்க வீட்டுக்காரருக்கு வைக்கப் போறோம். யாராவது வற்புறுத்தினாங்களா?

— இல்ல மேடம். நானாத்தான் வந்தேன்.

— வெளியே உங்க மாமியார் உங்க கையை விடவே மாட்டேங்குறாங்களே.

— அவரைப் பெத்தவங்க, பிடிச்சுக்கத்தான் செய்வாங்க. அது கிடக்கட்டும், ஆபரேஷன் முடிஞ்சு எப்போ கனம் தூக்கலாம்?

— மூணு மாசம் ஆகட்டும். வீட்ல தூக்க ஆளில்லையா?

— ஒரு பெட்டி தூக்குற அளவுக்குத்தான் மேடம். துணிமணி வச்ச பெட்டி.

— அதுக்கும் மூணு மாசம்தான். ஈரல் சீக்கிரம் வளர்ந்துடும், வயித்துத் தசை கூடணும், சரிங்களா?

— பஸ்ல தூரமா போகலாமா?

— ஏம்மா, அவர் பிழைப்பாரான்னு கேப்பீங்கன்னு பாத்தா, பெட்டி, பஸ்ஸுன்னு கேக்குறீங்க.

— பிழைப்பாரா?

— மாத்தலைன்னா சில மாசம்தான். மாத்தினா பெரும்பாலும் எந்திரிச்சு வேலைக்கே போயிடுவாரு. ஆனா ஆபத்து உங்களுக்கும் இருக்கு. கொடுக்க வந்தவங்களே போய்ச் சேர்ந்ததும் உண்டு. அபூர்வம்தான், ஆனா உண்டு.

— பெரிய டாக்டரும் சொன்னாரு.

— பயமா இல்லையா?

— இருக்கு மேடம்.

— அப்போ ஒண்ணு சொல்றேன், இந்த ரூமை விட்டு வெளியே போகாது. வேண்டாம்னு தோணினா தலையை மட்டும் ஆட்டுங்க. ஈரல் ஒத்துவரலைன்னு வீட்ல சொல்லிடுவோம். காரணம் கேட்டாலும் சொல்ல மாட்டோம். பழி உங்க மேல வராது, சரிங்களா?

— ஓ. முதல்ல கொடுக்க வந்த எங்க கொழுந்தனாருக்கு ஒத்துவரலைன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?

— அதை நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதையும் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்.

— சரிதான். பாவம், அன்னைக்கு என்னமா அழுதாரு.

— வீட்டுக்காரர் எப்படிம்மா? அடிப்பாரா?

— கை நீட்டினதே இல்ல. வேலைக்குப் போறப்ப வெளிப்பக்கமா பூட்டிட்டுப் போவாரு.

— வீட்டையா?

— என்னை உள்ளே வச்சுத்தான். கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து. பாதுகாப்புக்காம். மாமியார் மாடியில இருப்பாங்க, கூப்பிட்டா காது கேக்காது.

— இப்பவுமா?

— இப்ப சாவி என் இடுப்புல. அவர்தான் படுத்துட்டாரே. ஒரு நாள் பூட்ட மறந்துட்டாரு மேடம். பெட்டியைக் கட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். வேலை செய்யற இடத்துல ரத்த வாந்தி எடுத்தாருன்னு ஆட்டோவுல கொண்டாந்து என் முன்னாடியே இறக்கினாங்க. பெட்டியைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டு அவரைத் தாங்கிப் பிடிச்சேன். பெட்டி இன்னும் அங்கதான் கிடக்கு, பிரிக்கல.

— போதும்மா. நீங்க தலைகூட ஆட்ட வேண்டாம். ஒத்துவரலைன்னு நானே எழுதிடுறேன்.

— எழுதாதீங்க மேடம்.

— இவ்வளவு சொல்லிட்டு எதுக்கும்மா கொடுக்கணும்? அந்த மனுஷனுக்கு?

— ஒத்துவரலைன்னு ஊருக்கு நீங்க சொல்லிடுவீங்க. எனக்கு யார் சொல்றது? கொடுக்காம அவர் செத்தார்னா, அந்த வீட்டைவிட்டு எங்கே போனாலும் நான் உள்ளேயேதான் கிடப்பேன். படுத்துக் கிடக்குறவரை விட்டுட்டுப் போக எனக்கு வராது மேடம். எந்திரிச்சு நடக்க வச்சுட்டு, விட்டுட்டுப் போறேன்.