எக்ஸாஸ்ட் பேன் ஓடியபடி நடந்த தீச் சோதனை

என் பெயர் மதிவதனி, வயது 31, கணவர் பெயர் எழில், மதுக்கரையில் குடியிருக்கிறேன். குமாரசாமி என்பவர் நடத்தும் இன்வெர்ட்டர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை செய்து வந்தேன். உதவி ஆய்வாளர் அரங்கசாமி அவர்கள் விசாரிக்க, நானாகவே சொல்வதாவது.

இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு தீப்பற்றினாலும் தானாக அணைய வேண்டும். அதற்காக போர்டின் துண்டைக் கூண்டுக்குள் நேராகத் தொங்கவிட்டு, அடியில் பஞ்சு வைத்து, பர்னர் தீயைக் காட்டி எடுப்பேன். துண்டு உடனே அணைய வேண்டும், சொட்டு விழுந்து பஞ்சு பற்றக் கூடாது. காற்று பட்டால் சோதனையே பொய் என்பதால், கூண்டின் புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் பேனை நிறுத்திய பின்புதான் தீ வைப்பது வழக்கம்.

சென்ற பங்குனியில் விலை குறைந்த புது போர்டு வந்தது. அதன் சோதனையைப் பார்க்க வெளியூர் வியாபாரிகள் வந்திருந்தனர். புகை வந்ததும் குமாரசாமி, "வந்தவங்களுக்குக் கண்ணு எரியுதுங்க அம்மணி, பேனைப் போட்டு உடுங்க" என்றார். கூடாது என்றேன். அவரே போட்டார். எரிந்துகொண்டிருந்த துண்டு காற்றில் அணைந்தது. வியாபாரிகள் தலையாட்டினார்கள். குமாரசாமி என்னையே பார்த்தார்.

அதன் பின்பு பேனை நிறுத்தி நான் தனியாகச் சோதித்ததில், துண்டு மேல் வரை எரிந்து, சொட்டு விழுந்து, பஞ்சும் எரிந்தது. உடனே போய் அவரிடம் சொன்னேன். "சரிங்க அம்மணி, பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் போனபோது பேனின் சுவிட்சைக் கழற்றி, நிறுத்தவே முடியாதபடி ஒயரை நேராக இணைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வியாபாரிகள் யாரும் வரவில்லை, ஆனாலும் பேன் ஓடியது. நான் தீ வைக்க மறுத்ததால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டேன்.

அந்த போர்டு வைத்த இன்வெர்ட்டர்கள் விற்பனைக்குப் போயின. அதன் பின்பு சோமனூரில் பாவாத்தாள் என்பவரின் தறி ஷெட் எரிந்தது. தீப்பிடித்தது எங்கள் கம்பெனி இன்வெர்ட்டர் என்று கேள்விப்பட்டு நானே போய்ப் பார்த்தேன். என் கூண்டில் பஞ்சு இருந்த இடத்தில் அங்கே நூல் பைகள் இருந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் பாவாத்தாளுக்கு இரண்டு கையிலும் கட்டு. "ஊட்டுல நல்லா ஓடுச்சுன்னு ஷெட்டுக்கும் ஒண்ணு வாங்கிப்போட்டேன் கண்ணு" என்றார். அந்த வீட்டு இன்வெர்ட்டரை நானே போய் அணைத்துவிட்டு வந்தேன். மற்ற வீடுகளில் இருப்பவற்றை நிறுத்தச் சொல்லவே இங்கே வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்த நிலையத்தின் சுவரில் அதே இன்வெர்ட்டரைப் பார்த்தேன். அதன் மேல் 'அன்பளிப்பு: குமாரசாமி' என்று எழுதியிருக்கிறது. அடியில் வழக்குக் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன, பக்கத்தில் லாக்கப். அணைக்கச் சொன்னேன். "அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க சொல்லி முடிங்க" என்றார் உதவி ஆய்வாளர். அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. நான் கையெழுத்துப் போடும் இந்த நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

(ஒப்பம்) எ. மதிவதனி