டிலக்ஷியின் தலைக்கவசத்தில் நான் பூசிய ரெசின்

என் பெயர் சூசைதாசன் ஜெரிசன். வயது 34. வசிப்பது குருநகர். தொழில், மீன்பிடிக்கும் பைபர் போட்டுகள் திருத்துவது. இறந்தவர் என் கூடப்பிறந்த தங்கை டிலக்ஷி, வயது 23. என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

தங்கை சைக்கிள் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவள். சென்ற வருடம் விழுந்து தாடை உடைந்தது. முகம் முழுவதையும் மூடுகிற தலைக்கவசம் போட்டால்தான் இனி ஓட விடுவேன் என்று அம்மா சொன்னதால், கடந்த மாதம் நாங்கள் இருவரும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்று பைபர் ஓடு, பாரம். மற்றது பிளாஸ்டிக் ஓடு, பாரமில்லை. போட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டையும் விரல் மொளியால் தட்டிப் பார்த்து, பைபரை எடுக்கச் சொன்னேன். ஓடு எதுவானாலும் உள்ளே இருக்கிற ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைதான், அடியைத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். "உது மீன்பெட்டிச் சாமான் அண்ணை, உதை நம்பித் தலையைக் குடுக்கலாமோ?" என்று நான் கேட்டேன். தங்கை சிரித்தாள். கழுத்து நோகும் என்று பிளாஸ்டிக்கையே வாங்கினாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதன் பின்னர், மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளைக் கேளாமல் அதை என் வேலைக் கொட்டிலுக்கு எடுத்துப் போனேன். மேலோட்டின் மீது போட்டுக்குப் போடுவதுபோல் இரண்டு அடுக்கு பைபர் மேட் விரித்து, அது இறுகிப் பிடிக்க ரெசின் பசை பூசினேன். பின்பக்கத்துக் காற்றுத் துளைகள் பலத்தைக் குறைக்கும் என்று எண்ணி அவற்றையும் ரெசின் ஊற்றி அடைத்தேன். ரெசின் பட்டால் ரெஜிபோம் கரைந்துபோகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மேலோடு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. உள்ளே துணி மூடியிருந்தது. வேலை முடிந்ததும் சந்தோஷமாக இருந்தது.

அதன் பின்னர் அவளிடம் கொடுத்தேன். கேளாமல் செய்ததற்கு ஏசிவிட்டு, தலையில் போட்டுப் பார்த்தாள். "அண்ணை, முதல் இறுக்கமா இருந்தது, இப்ப பின்னுக்கு லூசாக் கிடக்கு" என்றாள். "பாவிக்கப் பாவிக்கச் சரிவரும், போடு" என்று சொல்லி, துணியின் மேல் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டை ஒட்டிக் கொடுத்தேன். துணியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

சென்ற ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் புத்தூர்ப் பக்கம் சைக்கிள் ஓடப் போனாள். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறியபோது, அதில் மோதி மல்லாக்க விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது சனங்கள் ஓட்டுநர் நாகலிங்கத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கன்னத்தில் அடித்தேன். அவர் கையைத் தூக்கவில்லை.

அதன் பின்னர் வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி தலைக்கவசத்தின் உள்துணியை என் முன்னால் கழற்றினார். நான் துளைகளை அடைத்த பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரெஜிபோம் இல்லை. தலை அடிபட்டதும் அந்த இடத்தில்தான் என்றார். "இதை ஆர் திருத்தினது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நாகலிங்கம் ஐயா பார்க்காமல் வீதிக்கு ஏறினாரா என்பது எனக்குத் தெரியாது. ரெஜிபோமைக் கரைத்தது அவர் இல்லை. தலைக்கவசத்தை இங்கே மேசையில் வைத்து எனக்குக் காட்டினார்கள். நான் பூசிய இடத்தில் ஒரு கீறலும் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, எல்லாம் நடந்தவை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்) சூ. ஜெரிசன்