மோர் கேட்டு மனம் கேட்டவருக்கு

முல்லையாறு பாயும் மண்ணில் முகம் பார்த்தே மனம் படித்த மாண்பாளரே! போடிக் கடைவீதியில் பிறந்து, பள்ளத்தாக்கின் பட்டிதொட்டியெல்லாம் கால்நடையாய் அளந்த பண்பாளரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மக்கள் நலவாழ்வு ஆய்வு நிலையத்தின் மனநல ஆய்வாளர், ஞானசெல்வி அம்மையீர்! வணங்குகிறோம்.

1996இல் தாங்கள் இங்கே அடியெடுத்து வைத்தபோது, கேள்வித்தாள் கையிலிருந்தால் எந்த மனத்தையும் அறிந்துவிடலாம் என்று இறுமாந்திருந்தோம் நாங்கள்.

1999இல் அந்த இறுமாப்பு அடங்கியது. அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், வாழ்வே வெறுத்துப்போனதுண்டா என்று மருமகள் சுருளியம்மாளிடம் நம் களப்பணியாளர் ஜெபஷீலா கேட்க, அருகிலிருந்த மாமியார் முந்திக்கொண்டார்: "அவளுக்கு என்ன கொறச்சல்? இல்லைன்னே போட்டுக்கங்கம்மா." அப்படியே போட்டுக்கொண்டு வந்தோம். இருபதாம் நாள் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஐயோ, பாவிகளானோம்! மேலிடம் விளக்கம் கேட்டபோது, எங்கள் பிழையைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டீர்கள்.

அதன்பின் தாங்கள் கண்ட முறையே முறை! எவ்வீட்டில் நுழைந்தாலும் மூத்தவரைப் பார்த்து, "தாகமா இருக்கு ஆத்தா, கொஞ்சம் மோர் கெடைக்குமா?" என்பீர்கள். அவர் அடுப்படிக்குப் போய்த் தயிர் கடைந்து வருவதற்குள் இளையவர் வாய் திறந்திருப்பார். சளி பிடித்த நாளிலும் மோரை மறுத்ததில்லை தாங்கள். அன்று அழுது தீர்த்துப் பிழைத்த பெண்கள், வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் தங்களைக் கண்டால் பிடித்த கையை விடமாட்டார்கள்.

2007இல் தங்கள் கணவர் ஜேசுராஜ் ஐயா மறைந்தார். பதினைந்தாம் நாளே பணிக்கு வந்தீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோம். "எனக்கென்ன கொறச்சல்" என்றீர்கள். மனம் படிக்கும் தொழில் கற்ற நாங்கள், பட்டும் புத்தி வராமல், அதையும் அப்படியே போட்டுக்கொண்டோம். பொழுது சாய்ந்தும் மேசையை விட்டு எழாத தங்களைக் கடமைச் செம்மல் என்று மூன்றாண்டுகள் மெச்சினோம். ஆளில்லாத வீட்டுக்குப் போக மனமின்றி இருந்தீர்கள் என்பது, போன வாரம் அறைச் சாவியை ஒப்படைத்த பின்னும் தாங்கள் அந்த மேசையிலேயே போய் உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மையீர், வெட்கப்படுகிறோம்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! மாலையும் கையுமாக உடனே கிளம்பிவிட வேண்டாம். விழா முடிந்ததும் மற்ற எல்லோரையும் மோர் வாங்க அனுப்பிவிடுகிறோம். ஜெபஷீலா மட்டும் பக்கத்தில் இருப்பார். கையில் கேள்வித்தாள் இருக்காது. "அக்கா, மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

கொறச்சல் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கண்ணீருடன்,
தங்கள் பணித்தோழர்கள்
தேனி, 31.5.2010