இரண்டு பதினான்காம் எண்கள்

ஒரே டோக்கன் எண்ணோடு இருவர் நின்றால், முதலில் யாரை அனுப்புவது நியாயம்? அண்ணனூரில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த இரு கணினிப் பணியாளர்களின் பேச்சு இக்கேள்வியை எழுப்பியது.

“மாமே, கிளினிக்ல டோக்கன் போடுற விர்ச்சுவல் மெஷினை அப்படியே காப்பி எடுத்து வேற சர்வருக்கு மாத்திட்டேன்.”

“பழசை நிறுத்துனியா?”

“அதான் மறந்துட்டேன். ஒரு கவுன்டர் பழசுல, இன்னொண்ணு புதுசுல ஓடிக்கினு இருந்துச்சு. வராண்டாவுல ரெண்டு பதினாலு, ஒரே சண்டை!”

“இன்னா பண்ணே?”

“நான் இன்னா பண்றது? ஒரு பதினாலு அக்கா, இன்னொரு பதினாலோட கொயந்தையத் தொட்டுப் பாத்துச்சு. ‘நெருப்பாக் கொதிக்குது, நீ போம்மா’ன்னு அனுப்பிடுச்சு.”

“பேசாம அந்த அக்காவையே சர்வரா வெச்சிர்றா!”

அன்றிலிருந்து வரிசையில் நிற்கும்போது, என் எண்ணைப் பார்க்குமுன் பின்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறேன்.